மண்ணூருக்குப் பச்சைப் புள்ளி

முத்துச்செல்விக்கு ஒரு வியாதி உண்டு. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவரின் பேச்சில் தெற்கத்தி வாடை கொஞ்சம் அடித்தால் போதும், "நீங்க எந்த ஊரு?" என்று கேட்காமல் இருக்கமாட்டாள். புளியங்குடி, கடையநல்லூர் என்று பதில் வந்துவிட்டால் அன்று முழுக்க முகத்தில் சிரிப்பு நிற்கும். அவளுக்குச் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்துக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. எட்டு வருடம் செல்போன் கம்பெனி லைனில் நின்று கழுத்து எலும்பு தேய்ந்த பிறகு, ஓர் ஆய்வு நிறுவனத்தில் களப்பணியாளர் வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். பேசுவதற்கு அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்?

ஆய்வு இதுதான். மண்ணூரில் பரசுராமன் என்பவருடைய நிலத்தின் கடைசியில் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து, உருக்கி, ஈயம் எடுப்பார்கள். அதே நிலத்தின் முன்பக்கத்தில் பரசுராமன் வரிசையாக இருபது ரூம் கட்டி, கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மதியத்தில் புகை இறங்கினால் கொடியில் காயும் துணியெல்லாம் சாம்பல் பூக்கும். அங்கே இருப்பவர்களுக்கு அடிக்கடி வயிற்றுவலி, கைநடுக்கம். மண்ணூர், பென்னலூர், வடக்குப்பட்டு மூன்று ஊரிலும் ஜனங்களின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று பார்த்து அரசாங்கத்துக்குச் சொல்வதுதான் ஆய்வு. சட்டம் போடுகிறவர்கள், ஆணை போடுகிறவர்கள் கண்ணை அது திறக்கும். ஆய்வை நடத்திய டாக்டர் எழிலரசி அப்படித்தான் நம்பினார். முத்துச்செல்வியும் நம்பினாள்.

மூன்று ஊருக்கும் பொதுவாகப் பென்னலூர் கல்யாண மண்டபத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை ரத்தம் எடுத்தார்கள். வாசலில் மேஜை போட்டு ஆட்களைப் பதிந்தது முத்துச்செல்விதான். ரூம்காரர்கள் முதலில் வரமாட்டேன் என்றார்கள். பேர் வெளியே தெரிந்தால் கம்பெனியில் வேலை போய்விடும் என்ற பயம்.

"பேரே இருக்காது. நம்பர் மட்டுந்தான். பேர் எழுதுன தாள என் கையாலேயே கிழிச்சுப் போடுதேன்" என்று ஒவ்வொருத்தர் கையிலும் அடித்துச் சத்தியம் செய்தாள். அதன்பிறகுதான் வந்தார்கள்.

வந்தவர்களில் தங்கமாரியும் ஒருத்தி. ரூம் நம்பர் பதினாலு. நாலு மாதக் கர்ப்பம். கார் உதிரிபாகக் கம்பெனியில் ஸ்க்ரூ முடுக்குகிறவள். கொஞ்ச நாளாக ஸ்க்ரூ கையைவிட்டு நழுவுகிறது, சூப்பர்வைசர் திட்டுகிறான் என்றாள்.

"நீ எந்த ஊருட்டி?"

"வாசுதேவநல்லூர்க்கா."

"அட, எங்க சித்தியக் குடுத்த ஊருல்லா!" என்று முத்துச்செல்வி பூரித்துப்போய், முகவரி என்ற கட்டத்தில் வாசுதேவநல்லூர் என்று எழுதினாள். ஆதாரைப் பார்த்துப் பின்கோடையும் எழுதினாள். தங்கமாரிக்கு மட்டுமல்ல, ரூம்காரர்கள் அத்தனை பேருக்கும் அப்படித்தான் எழுதினாள். மூன்று வருடம் மண்ணூரில் குடியிருந்தாலும் அவர்களில் ஒருத்தராவது மண்ணூர் என் ஊர் என்பாரா? மண்ணூர் என்று எழுதப்பட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள் மட்டும். அவர்கள் வீடெல்லாம் ஏரிக்கு அந்தப் பக்கம், புகை போகாத திசையில்.

முடிவு வந்தது. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய ஈயம் தங்கமாரிக்கு முப்பத்தொன்று இருந்தது. ரூம்காரர்களில் முப்பத்தெட்டுப் பேருக்கு இருபதுக்கு மேல். அது பிள்ளைக்கும் இறங்கும் என்று டாக்டர் எழிலரசி சொன்னபோது தங்கமாரி வயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கொட்டகைய மூடிருவாவளாக்கா?"

"மூடத்தான் இவ்வளவு பாடும். கவர்மெண்டுக்கே போவுது" என்றாள் முத்துச்செல்வி. சொன்ன சொல் தவறாமல், முடிவு சொல்லி முடித்த வாரமே பேர் எழுதிய தாள்களை எல்லாம் இயந்திரத்தில் போட்டு நூல் நூலாகக் கிழித்தாள். அன்றைக்கு அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த மாதம் பெரிய அதிகாரியின் அறையில் கூட்டம். அரசாங்கம் அசையாது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்தத் தடவை அது அசையத் தயாராக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். அதிகாரி இளவயதுக்காரர், அறிக்கையை முன்கூட்டியே படித்திருந்தார். "எந்த ஊர்னு மட்டும் காட்டுங்க டாக்டர், நாளைக்கே ஆள் அனுப்பி மூடுறேன். ஃபைல்கூட ரெடி" என்றார்.

திரையில் வரைபடம் வந்தது. மண்ணூர் பச்சை. பென்னலூர் பச்சை. வடக்குப்பட்டு பச்சை. கீழே, வெகு கீழே, தெற்குக் கோடியில் சிவப்புப் புள்ளிகள்: வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர்.

டெல்லியில் உட்கார்ந்திருந்த புள்ளிவிவரக்காரர் பின்கோடு பார்த்துப் புள்ளி வைத்திருக்கிறார். அதே நிறுவனம் தெற்கே கிணற்றுத் தண்ணீர் ஆய்வு ஒன்றும் நடத்திக்கொண்டிருந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. படம் அன்று காலையில்தான் வந்தது. டாக்டர் எழிலரசியும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

முத்துச்செல்விக்கு உடனே புரிந்தது. ரூம்காரர்களுக்குச் சொந்த ஊரை எழுதியதை டாக்டர் காதில் சொன்னாள். டாக்டர் எழுந்து, முகவரியில் தவறு நடந்திருக்கிறது, அந்தச் சிவப்பெல்லாம் மண்ணூர்தான் என்றார்.

"சரி, அந்த ஆளுங்க பேர் குடுங்க."

"பேர் இல்ல சார். அழிச்சுட்டோம்."

"அப்போ எதை வச்சு நான் மூடறது? கோர்ட்டுக்குப் போனா உங்க படத்தைத்தானே காட்டுவான்?" அதிகாரி கோபப்படவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அவங்களே வந்து, இந்த நம்பர் என்னுது, நான் இங்கதான் குடியிருக்கேன்னு அட்ரஸ் ப்ரூஃபோட சொன்னா பாக்கலாம். அதுவரைக்கும் தெற்கே ஒரு மெடிக்கல் வேன் அனுப்பறேன். படத்துல சிவப்புன்னு வந்தப்புறம் சும்மா இருக்க முடியாது."

முத்துச்செல்வி மறுநாளே மண்ணூருக்கு ஓடினாள். முப்பத்தெட்டுப் பேரில் பாதிப்பேர் ஒப்பந்தம் முடிந்து ரூமைக் காலி செய்திருந்தார்கள். பலருடைய போன் எண் மாறியிருந்தது. இருந்தவர்களில் சிலர் முகத்துக்கு நேரே, "பேர் வராதுன்னு சத்தியம் பண்ணுன நீயேவாக்கா இப்பப் பேர் குடுங்கன்னு வந்து நிக்க?" என்று கேட்டார்கள்.

தங்கமாரி மட்டும் வருகிறேன் என்றாள். இங்கே குடியிருக்கிறாள் என்று எழுதி வாங்கப் பரசுராமனிடம் போனார்கள். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

"எழுதிக் குடுக்கறதுக்கு இன்னாம்மா, குடுக்கறேன். இன்னா டோர் நம்பர்னு எழுதறது? இந்த ரூமுக்கு நம்பரே கெடயாது. பஞ்சாயத்து ஏட்ல இது இன்னும் நஞ்சை நெலமாத்தான் கீது. வயல்ல ஜனங்க குடியிருக்குதுன்னு எழுதட்டா? எழுதினா கொட்டாய்க்கு முன்னாடி ரூமைத்தான் இடிப்பான். இந்த வயித்துப் புள்ளக்காரி எங்க பூடும்?"

அவருக்குக் கொட்டகை வாடகையும் முக்கியம்தான். ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முத்துச்செல்வி தங்கமாரியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். யாரைத் திட்டுவது? கேள்வி கேட்டவள் அவள். எழுதியவள் அவள். கிழித்தவளும் அவள்தான்.

டாக்டர் எழிலரசி மறு ஆய்வுக்கு விண்ணப்பம் போட்டார். அனுமதி தருகிற குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். முதல் கூட்டத்தில் விளக்கம் கேட்டார்கள். ஏழாம் மாதம் தங்கமாரி பிரசவத்துக்கு ஊருக்குப் பஸ் ஏறினாள். கொட்டகையில் மதியப் புகை வழக்கம்போல இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் முத்துச்செல்வி மறுபடியும் ரூம் வரிசைப்பக்கம் போனாள். இரண்டாவது கூட்டம் தள்ளிப்போய், அனுமதி இன்னும் வரவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. பதினாலாம் நம்பர் ரூம் வாசலில் ஒரு புதுப்பெண் யூனிஃபார்மை அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

முத்துச்செல்வி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். "இப்ப நீ எங்கம்மா குடியிருக்க?"

"நமக்குச் சாத்தான்குளம்க்கா" என்றாள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தங்கமாரி.

"அக்கா, மக பொறந்துருக்கா. ஒண்ணே முக்கால் கிலோதான். பாலு குடிக்கவே தெம்பில்லாம கெடக்கா."

"டாக்டர் என்னட்டி சொல்லுதாவ?"

"பாப்போம்ங்காவ." பிறகு அவளே சொன்னாள். "நீங்க சொன்ன மாதிரியே கவர்மெண்டு வேன் வந்துச்சுக்கா. எங்க ஊருக்கே வந்துச்சு. எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாவ, கிணத்துத் தண்ணியக்கூட பாட்டில்ல புடிச்சாவ. ஒரு கொறையும் இல்லையாம்."

"ஒனக்கும் பிள்ளைக்கும் எடுத்தாவளா?"

"பிள்ளையத் தூக்கிட்டுப் போய் வரிசையில நின்னேன். நீ எந்த ஊருன்னு கேட்டாவ. எனக்கு நீங்க பட்டபாடு ஞாபகம் வந்துச்சு. இந்தத் தடவை தப்பாச் சொல்லிரக் கூடாதுன்னு, ரூம் மண்ணூர்ல, நான் மண்ணூர்னு சொன்னேங்க்கா."

முத்துச்செல்வி போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"லிஸ்ட்டப் பாத்தாவ. மண்ணூர்ல ஒண்ணும் இல்லம்மா, அது பச்சைன்னு சொல்லி, எங்க ரெண்டு பேரையும் வரிசைய விட்டு அனுப்பிட்டாவ."