கல்லில் காலியாக ஒரு வரி

தாத்தாவின் கல்லறைக் கல்லுக்காக அப்பா எழுதிவைத்த தாளில் எல்லாம் இருந்தது. பெயர், பிறப்பு, இறப்பு, ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் என்ற உத்தியோகம். 'இன்னாரின் மகன்' என்ற வரி மட்டும் காலி. தன்னைப் பெற்றவரைத் தாத்தா வாழ்நாள் முழுக்க ஓர் இனிஷியலாகவே வைத்திருந்தார். கேட்டால் பேச்சை மாற்றுவார்.

அப்பா அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். கல்யாணப் பத்திரிகையில் ஒரு புள்ளி விட்டுப்போனாலே அவருக்குச் சோறு இறங்காது. அப்பன் பேர் விட்டுப்போன கல்லுக்குக் கேட்கவா வேண்டும்? மத்தியானத்துக்குள் சொல்லாவிட்டால் அந்த வரியை விட்டுவிட்டுச் செதுக்கப்போவதாகக் கல்தச்சர் சொல்லியிருந்தார்.

தாத்தா பிறந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறைக்குப் போனோம். பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஊழியர், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, நொறுங்கும் தாள்களைக் கத்தி முனையால் புரட்டினார். கிடைத்துவிட்டது. தகப்பன் கட்டத்தில் ஒரு பெயர், இனிஷியலுக்குப் பொருந்தியது. தொழில், இந்த ஆஸ்பத்திரியின் வாயிற்காவலர். தாய், பெயர் சொல்லவில்லை. அப்பா அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அங்கே பிறந்த பிள்ளைக்கும் அவரே தகப்பன். நான்கு நாள் கழித்து இன்னொன்று. அந்த வருடத்தில் மட்டும் ஒன்பது.

"கொள்ளுத்தாத்தா ஓய்வு ஒழிச்சலே இல்லாம உழைச்சிருக்காருப்பா," என்றேன்.

அப்பா சிரிக்கவில்லை. அந்த அம்மா மூக்குத் துணியை இறக்கினார். பெற்றவள் விட்டுப்போன பிள்ளைக்குத் தகப்பன் கட்டம் காலியாக இருந்தால் பிற்காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்களாம். நர்ஸ் வாசலைப் பார்த்துக் குரல் கொடுப்பாராம். காவலர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி வாசலுக்கே போய்விடுவாராம். தனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் சொன்னது என்றார்.

"பெத்தவரு இல்லீங்க. தெரிஞ்சும் நான் மறைக்கக் கூடாது."

அப்பா ஒன்பது கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தொழில் புத்தி. எதிலும் அவசரம் தெரியவில்லை. ஒன்பதாவதைக்கூட முழுப்பெயராகத்தான் போட்டிருந்தார் மனிதர்.

போன் அடித்தது. கல்தச்சர்.

"என்னண்ணே, காலியா விட்டுரவா?"

அப்பா பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். பக்கத்தில் வாயிற்காவலர் என்றும் போடச் சொன்னார். அவ்வளவுக்குக் கல்லில் இடமில்லை என்றார் கல்தச்சர்.

அப்பா மறுபடி பதிவேட்டைப் பார்த்தார்.

"அப்ப எங்கப்பா உத்தியோகத்தை எடுத்துருங்க. இவரோடது நிக்கட்டும்."