குளத்தைத் தாண்டிய பந்து

செவ்வாய்க்கிழமை மாலை அவள் சமையலறை மேசை மீது டிரைவர் மட்டையைக் கிடத்தி, கைப்பிடிக்குப் புதுப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். மட்டையின் தலைப்பக்கம் என் மடியில் இருந்தது. அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

"ஆட்டாதீங்க. தாலாட்டா பாடறீங்க?"

"கை வலிக்குது."

"ஒரு மட்டையைப் பிடிக்க வலிக்குதா? நான் நாள் முழுக்க சோபாவைப் புரட்டறேன்."

சுற்றி முடித்ததும் பட்டையின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் இன்னொரு தடவை அடிக்கறேன். அந்த மருந்துக்கடைக்காரர் தன் கையாலயே என் பேரை எழுதட்டும்" என்றாள். அடுப்பில் பால் பொங்கியது. ஓடிப்போய் இறக்கினாள்.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குத் தன் கடையில் ஒரு நாற்காலிக்கு வார் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது சாய்ந்து விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மூச்சு இல்லை.

என் மனைவிக்கு சோபா, நாற்காலி, வண்டி இருக்கை இவற்றுக்கெல்லாம் மெத்தை வைத்துத் தைக்கும் தொழில். வேலை செய்யும்போது சின்ன ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவாள். அதனால் கோல்ஃப் திடலில் எல்லோருக்கும் அவள் ஆணியக்கா. ஐம்பத்திரண்டாம் வயதில் அந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய தம்பிதான் முதலில் கூட்டிப்போனான். பணக்காரர்களின் திடல் இல்லை அது. நகராட்சி பராமரிக்கும் ஒன்பது குழித் திடல். பாதி இடத்தில் புல் இருக்கும், பாதி இடத்தில் புல் இருந்த அடையாளம் இருக்கும். சனிக்கிழமைதோறும் அவளையும் சேர்த்துப் பதினோரு பேர் கூடுவார்கள். நான் ஆடியதில்லை. ஆறு வருடம் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவன், அவ்வளவுதான்.

முதல் அடியைத் தூரமாக அடிப்பதற்கென்றே இருக்கிற, தலை பெருத்த, நீளமான மட்டைக்கு டிரைவர் என்று பெயர். அவள் வாங்கியது போட்டிகளில் ஆடுகிறவர்களுக்காகச் செய்தது. தண்டு இரும்புக் கம்பிபோல விறைப்பு. பந்தில் படும் முகத்தின் சாய்வு வெறும் ஒன்பது டிகிரி. வாங்கிய கடையில் அவளை ஒரு வலைக்கு முன்னால் நிறுத்தி வீசச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த மெஷின் அவள் வீச்சின் வேகத்தைக் காட்டியது. கடைக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார்: "இது உங்களுக்கு ஒத்துவராதும்மா. இந்த வேகத்துக்குப் பந்து எழும்பாதுன்னு மெஷின் சொல்லுது."

"மெஷினா ஆடப்போகுது? கட்டிக் குடுங்க" என்றாள்.

அந்த மட்டையைத் திடலில் எல்லோரும் ஒருமுறையாவது வாங்கிப் பார்த்தார்கள். அவள் தம்பி அடித்தபோது பந்து எலி மாதிரி தரையோடு ஓடியது. மருந்துக்கடைக்காரர் அடித்தது வலது பக்கம் வளைந்து வேலியைத் தாண்டி, யார் வீட்டுக் கூரையிலோ விழுந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிற ஒருவர், அடித்த அதிர்ச்சி முழங்கை வரை ஏறியது என்று ஒரு வாரம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அடிபடும்போது எவர்சில்வர் தட்டு கீழே விழுந்த மாதிரி ஒரு சத்தம் வரும். நடுவில் பட்டால் மட்டும் சத்தம் வேறு. ஒரே ஒரு 'டக்'. அந்த 'டக்' அவள் ஒருத்திக்குத்தான் அடிக்கடி வாய்த்தது. பந்தை டீ என்கிற முளையில் உயரமாக வைத்து, இடது பாதத்துக்கு நேராக நிறுத்தி, மேல்நோக்கி அடிக்க வேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு எட்டு மாதம் ஆனது.

ஏழாவது குழிக்கு முன்னால் ஒரு குளம். அடிக்கும் இடத்திலிருந்து அக்கரைக்கு நூற்று நாற்பது மீட்டர். மற்றவர்கள் பந்தை இடப்பக்கக் கரையோடு தட்டித் தட்டிக் கொண்டுபோவார்கள். ஒரே அடியில் தாண்டியவர்களின் பெயர், மண்வாரிகளும் தண்ணீர்க் குழாய்களும் வைக்கிற கொட்டகைக்குள் ஒரு பலகையில் வெள்ளைப் பெயின்டால் எழுதப்பட்டிருக்கும். இருபது வருடத்தில் நான்கு பெயர்கள். முதல் பெயர் மருந்துக்கடைக்காரருடையது. அந்தப் பலகைக்குப் பொறுப்பும் அவர்தான். தாண்டியதை ஓர் ஆட்டக்காரர் பார்த்திருக்க வேண்டும், பை தூக்குகிறவர் சொன்னால் செல்லாது. இது அவர்கள் விதி.

இறப்பதற்கு நான்கு நாள் முன்பு, சனிக்கிழமை காலை, அவள் தாண்டினாள். மற்றவர்கள் வரும் முன்பு ஏழாவது குழியில் பழகலாம் என்று நாங்கள் இருவரும் சீக்கிரம் போயிருந்தோம். பார்த்தது நான் ஒருவன். பிறகு மற்றவர்கள் வந்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவர்கள் முன்னால் அடித்த பந்து குளத்துக்குள் போனது. சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவள் இறந்த மூன்றாவது வாரம் மருந்துக்கடைக்காரரும் மச்சினனும் வீட்டுக்கு வந்தார்கள். மற்ற மட்டைகளை மச்சினனுக்கு முன்பே கொடுத்திருந்தேன். டிரைவர் மட்டும் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"சார், நாங்க எல்லாரும் பேசினோம். வருஷாவருஷம் ஆணியக்கா பேர்ல ஒரு நினைவுப் போட்டி வைக்கலாம்னு. ஜெயிக்கறவர் இந்த டிரைவரை ஒரு வருஷம் வச்சுக்கட்டும். இங்க சும்மாதானே இருக்கும்?"

"நல்ல யோசனை. அதுக்கு முன்னாடி அவ பேரைப் பலகையில எழுதுங்க."

"எந்தப் பலகையில?"

அந்தச் சனிக்கிழமை காலை நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை அவர் தன் கைக்கடிகாரத்தின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சார், உங்க வருத்தம் புரியுது."

"வருத்தத்தைப் பத்தி நான் பேசல. பந்தைப் பத்திப் பேசறேன்."

"ஒன்பது டிகிரி மட்டை மாமா," என்றான் மச்சினன், தரையைப் பார்த்துக்கொண்டு. "அக்கா நல்லா ஆடுவா, இல்லேங்கல. ஆனா அந்தக் குளம்... என்னாலயே முடியல."

"உன்னால முடியலேங்கறது எனக்கும் தெரியும்."

"நீங்க ஆட்டக்காரரா இருந்தா பரவாயில்ல," என்றார் மருந்துக்கடைக்காரர். "விதின்னு ஒண்ணு இருக்கில்லையா? நாளைக்கு ஆளாளுக்குப் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்ல வைப்பாங்க."

"அவ செத்ததை எழுத வருஷாவருஷம் தயாரா இருக்கீங்க. அவ அடிச்சதை ஒரு தடவை எழுத மாட்டீங்க."

அவர் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "சரி சார். நீங்களும் மட்டையை எடுங்க. ஒன்பது குழியும் ஒரு அடி விடாம ஆடி முடிங்க. அப்ப நீங்களும் ஆட்டக்காரர். உங்க சாட்சியைக் கேக்கறேன்."

நான் அறுபத்துமூன்று வயதுக்காரன். அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் மெய்ப்புத் திருத்தியவன். என் கழுத்தும் தோளும் அந்த மேசைக்குத் தகுந்தபடி வளைந்தவை. அவர் என்னை வாயடைக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

"வர்ற சனிக்கிழமை" என்றேன்.

சனிக்கிழமை டிரைவரை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். மச்சினன் தன் பையை நீட்டினான். "மாமா, மத்த மட்டையெல்லாம் இதுல இருக்கு. குழிகிட்டப் போனா சின்ன மட்டை வேணும். டிரைவரை வச்சு எல்லாத்தையும் ஆட முடியாது."

"கூடாதுன்னு விதி இருக்கா?"

"விதி இல்ல. ஆனா யாரும் ஆட மாட்டாங்க."

"அப்ப நான் ஆடறேன்."

முதல் வீச்சில் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. டீ மட்டும் பறந்தது. "ஒண்ணு" என்றார் மருந்துக்கடைக்காரர் சத்தமாக. இரண்டாவதில் பந்தின் உச்சியில் பட்டு, அது நான்கு எட்டு உருண்டது. "ரெண்டு." பயிற்சிப் பள்ளிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். ஐந்தாவது அடிக்குள் எனக்கு ஒன்று புரிந்தது. அந்த மட்டை தடவிக் கொடுத்தால் ஒன்றும் தராது. முழு உடம்பையும் கேட்கிறது. ஆறு வருடம் அவள் அதற்கு முழு உடம்பையும் கொடுத்ததைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே பை சுமந்திருக்கிறேன்.

இரண்டாவது குழியில் மணல் பள்ளத்தில் விழுந்தேன். பெருத்த தலையோடு மணலிலிருந்து பந்தை எடுப்பது, கரண்டி இருக்க அண்டாவால் பரிமாறுகிற மாதிரி. வெளியே வரப் பதினான்கு அடி ஆனது. மணல் வாயெல்லாம். மூன்றாவது குழியில் வலது கையில் தோல் கிழிந்தது. புதுப் பட்டையில் ரத்தம் பட்டது. மச்சினன் கைக்குட்டையை நீட்டினான், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"போதும் சார்," என்றார் மருந்துக்கடைக்காரர் நான்காவது குழியில். அவர் குரலில் இப்போது கிண்டல் இல்லை. "நினைவுப் போட்டிக்கு ஒரு பெரிய கல்வெட்டே வச்சுடலாம். வெயில் ஏறுது. இரத்த அழுத்த மாத்திரை எங்க கடையிலதானே வாங்கறீங்க? எனக்குத் தெரியும் உங்க உடம்பு."

"எத்தனை அடி ஆச்சு?"

"எழுபத்தொண்ணு."

"எழுபத்திரண்டு. மணல்ல ஒண்ணை விட்டுட்டீங்க."

"எழுபத்திரண்டு" என்று திருத்திக்கொண்டார்.

ஏழாவது குழியில் பத்துப் பேரும் வந்து நின்றார்கள். தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நான் குளத்தைப் பார்த்து நிற்பேன் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. யாரோ பின்னாலிருந்து, "ஆணியக்காவை நினைச்சு ஓங்கி அடிங்க சார்!" என்றார்கள்.

நான் இடப்பக்கம் திரும்பி நின்றேன். கரையோடு பந்தைத் தட்டினேன். பத்து எட்டு உருண்டது. மறுபடி தட்டினேன்.

"என்ன மாமா, முயற்சிகூடப் பண்ணலியா?"

"தாண்டினவ ஒருத்தி இருக்கா. நான் அதைச் சொல்ல வந்தவன். எனக்கு எதுக்குடா தாண்டல்?"

கரையைச் சுற்றி முடிக்கப் பத்தொன்பது அடிகள் ஆயின. ஒன்பதாவது குழியில், அந்த நீள மட்டையை நடுவில் பிடித்துக் குனிந்து, பந்தைக் குழிக்குள் தள்ளியபோது பகல் ஒரு மணி. மொத்தம் நூற்று அறுபத்தெட்டு. அந்தத் திடலில் அதைவிட மோசமாக யாரும் ஆடியதில்லை என்று பயிற்சிப் பள்ளிக்காரர் அறிவித்தார். கைதட்டினார்கள். நான் நேராகக் கொட்டகைக்கு நடந்தேன்.

உள்ளே தகரக் கூரை கொதித்தது. மருந்துக்கடைக்காரர் ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"சொல்லுங்க."

"காலையில ஆறே முக்கால். காத்து இல்ல. முதல் ரெண்டு பந்து தண்ணியில விழுந்துச்சு. மூணாவது 'டக்'குன்னு பட்டுச்சு. நேரா போய், முடிவுல கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சுது."

"எங்க விழுந்துச்சு?"

"அக்கரைச் சேத்துல. தண்ணியிலேருந்து ரெண்டு எட்டு."

"ரெண்டே எட்டா?"

"பொய் சொல்லணும்னா இருபது எட்டுன்னு சொல்லியிருப்பேன்."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சேத்துல நிக்கற பந்து இந்தக் கரையிலேருந்து எப்படித் தெரியும்?"

"தெரியல. சுத்திப் போய்ப் பாத்தேன். பாதி புதைஞ்சிருந்துச்சு. விரலால தோண்டி எடுத்தேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

இதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. "பந்து விழுந்ததும் திரும்பி, 'பாத்தீங்கல்ல?'ன்னு கேட்டா. 'பாத்தேன்'னு சொன்னேன்."

மச்சினன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். பிறகு அவன்தான் பெயின்ட் டப்பாவைத் தேடி எடுத்து, ஆணி ஒன்றால் மூடியை நெம்பினான். மேலே ஆடை கட்டியிருந்தது. குச்சியால் கலக்கி, பிரஷோடு மருந்துக்கடைக்காரரிடம் நீட்டினான்.

அவர் வாங்கினார். மாத்திரை உறைகளில் கிறுக்கிக் கிறுக்கிப் பழகிய கை. ஆனால் பலகையில் அழகாகத்தான் எழுதினார். பெயர் முடிந்ததும் பக்கத்தில் சின்னதாக ஓர் அடைப்புக்குறி திறந்து, 'சாட்சி: கணவ' என்று தொடங்கினார்.

"அது எதுக்கு?"

"ஒரு தெளிவுக்கு சார். பின்னாடி யாராவது கேட்டா..."

"உங்க பேருக்குப் பக்கத்துல சாட்சி யாருன்னு போட்டிருக்கா?"

"இல்ல."

"மத்த மூணு பேருக்கு?"

"இல்ல."

"அப்ப அழிங்க."

அவர் என் கையில் கட்டியிருந்த கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து சொந்தக் கைக்குட்டையை எடுத்து, ஈரப் பெயின்டை ஒரே இழுப்பில் துடைத்தார். மரத்தில் ஒரு வெண்மையான தீற்றல் மட்டும் நின்றது. "போட்டிக்கு மட்டையைக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"மாட்டேன். அது பரிசு இல்ல. ஒருத்தி ஆடின மட்டை."

போட்டி வருடாவருடம் நடக்கிறது. ஒரு கோப்பை வாங்கிவிட்டார்கள். நான் போவதில்லை, சாதாரணச் சனிக்கிழமைகளில் போய் ஒன்பது குழியும் ஆடுகிறேன், இப்போது நூற்று முப்பதுக்குள் முடிகிறது. மச்சினன் புது டிரைவர் வாங்கியிருக்கிறான், அவளுடையதைவிட நவீனமானது. மருந்துக்கடைக்காரரின் மகன் வெளியூரிலிருந்து வந்து இரண்டு மாதம் விடாமல் முயன்று பார்த்தான். நான்கு வருடம் ஆகிறது. பலகையில் அவள் பெயருக்குக் கீழே இன்னும் யார் பெயரும் இல்லை.