நடுவில் ஒய் வரும் சொற்கள்

எங்கள் கம்பெனியின் சரக்கு ஆங்கிலச் சொற்கள். ஐந்தெழுத்துச் சொல், முதல் எழுத்து கியூ. ஐந்தெழுத்துச் சொல், கடைசி எழுத்து இசட். செல்போனில் சொல் விளையாட்டு ஆடுகிறவர்கள் திருதிருவென்று முழிக்கும்போது இணையத்தில் தேடுவார்களே, அவர்களுக்கான பட்டியல்கள். டயர் கடைக்கு மேலே ஓர் அறை, ஆறு கணினி, பன்னிரண்டு பேர். பகலில் ஆறு பேர், இரவில் ஆறு பேர்.

நாலாம் நம்பர் நாற்காலியில் பகலில் அக்கா, இரவில் நான். அவள் குள்ளம். காலையில் வந்ததும் நாற்காலியை இறக்குவாள், இரவு நான் ஏற்றுவேன். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு விட்டத்தைப் பார்த்துக் கிடந்த என்னை அவள்தான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். அத்தானுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வீடு ஓடுவது அவளால். இரண்டு பெண் பிள்ளைகள், அத்தான், அப்புறம் தண்டச்சோறாக நான்.

வேலையில் ஒரு விதி உண்டு. எந்த அகராதியிலும் இல்லாத ஒரு சொல்லை ஒவ்வொரு பட்டியலிலும் செருகவேண்டும். அதற்குப் பெயர் முள். வேறு கம்பெனிக்காரன் நம் பட்டியலை அப்படியே சுட்டால் முள்ளும் கூடவே போகும், ஆள் மாட்டுவான். வைத்த முள்ளை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

போன வருடம் நடுவில் ஒய் வரும் பட்டியல் என் தலையில் விழுந்தது. ராயல், லாயல், மேயர் என்று இருநூறுக்கு மேல் தட்டி முடித்தபோது மூளை உறைந்துவிட்டது. முள்ளுக்கு எதுவும் தோன்றாமல் எம், யு, ஒய், ஏ, எல் என்று அடித்தேன். முயல். அக்காவை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம், முன்பல் இரண்டும் கொஞ்சம் எடுப்பு.

இந்த மாதம் ஒரு விளையாட்டுக் கம்பெனி புதுப் பட்டியல்கள் கேட்டிருந்தது. அகராதியைப் பார்த்துக் கையால் பொறுக்க வேண்டும். பழையது கூடாது, முள் கூடாது. எட்டு நாளில் நானூறு பட்டியல்.

இன்று காலை ஆள் மாறும் நேரத்தில் முதலாளி வாசலிலேயே நின்றார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மீட்டர். யாரிடம் பேசினாலும் கண் கடிகாரத்தில் இருக்கும்.

"நாலாம் நம்பர், ரெண்டு பேரும் வாங்க."

அக்கா தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. மீட்டர் திரையைத் திருப்பினார். விளையாட்டுக் கம்பெனியின் கடிதம். நடுவில் ஒய் வரும் பட்டியலில் எந்த அகராதியிலும் இல்லாத சொல் ஒன்று இருக்கிறது, அதே சொல் இன்னொரு தளத்திலும் இருக்கிறது, நீங்கள் காப்பியடித்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தார்கள்.

"அது நம்ம முள்ளு சார். போன வருஷம் நான் வச்சது. அந்த சைட்டுக்காரங்கதான் நம்மகிட்ட சுட்டிருக்காங்க" என்றேன்.

"தெரியுது, நோட்டப் பாத்துட்டேன். அவன் நம்மகிட்ட சுட்டான். நம்மாளு அவன்கிட்டயே போய் சுட்டிருக்கு. நம்ம முள்ளு சுத்திக்கிட்டு வந்து நம்ம கால்லயே குத்துது. பத்து மணிக்குள்ள ஒரு ஆள அனுப்பிட்டேன்னு நான் பதில் போடணும். இல்லன்னா ஆர்டர் போச்சு, பன்னெண்டு பேரும் போச்சு. யாரு?"

எந்த நேரத்தில் அடித்தது என்று கணினியிலேயே பார்த்திருக்கலாம். அவர் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியது ஓர் ஆள்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மெதுவாக அசைந்தது. இப்போதுதான் அந்தச் சொல்லை முதன்முதலாகப் படிக்கிறாள் என்று புரிந்தது. எடுத்து ஒட்டியபோது பார்க்கவே இல்லை.

"நான்தான்" என்றேன்.

தியாகம் கியாகம் எதுவும் இல்லை. அவள் போனால் வீடு நின்றுவிடும். நான் போனால் அங்கே ஒரு வித்தியாசமும் தெரியாது. அதோடு எனக்குத் தூக்கம் கண்ணைச் சொருகியது.

மீட்டர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சாவிய வச்சிட்டுக் கெளம்பு. அம்மா, வேற ஆள் கெடைக்கிற வரைக்கும் நீங்க ராத்திரிக்கும் ஒரு நாலு மணி நேரம் சேத்து உக்காருங்க."

அக்கா தலையை ஆட்டினாள்.

பாதிப் படியில் என்னைப் பிடித்துவிட்டாள்.

"உன்ன யாரு சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"நாலு மணி நேரம்டா. புள்ளைங்கள யாரு பாக்குறது?"

"அதான் வீட்லதான இருக்கப்போறேன்."

"நீ பாத்துக் கிழிச்ச."

கீழே டயரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் நிற்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"எந்த டிக்‌ஷனரிலயும் இல்லாத வார்த்தைன்னா ஒனக்கு நான்தான் கெடச்சனா?"

"தூக்கக் கலக்கத்துல போட்டது அக்கா."

"போட்டவன் சொல்லியாவது தொலச்சிருக்கலாம்ல."

"சொல்லிருந்தா மட்டும் படிச்சிருப்பியா?"

பைக்குள் கையைவிட்டு வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் திணித்தாள்.

"சின்னவளுக்கு எட்டரைக்கு வண்டி. ரெட்டைப் பின்னல் போடணும். தெரியுமா?"

"தெரியாது."

"பெரியவளக் கேளு. அத்தான எழுப்பாத."

மேலே போய்விட்டாள். நாற்காலி உஸ்ஸென்று இறங்கும் சத்தம் படிவரை கேட்டது. உடனே விசைகளின் சத்தமும் ஆரம்பித்தது.

தெருவுக்கு வந்து ஒரு சிகரெட்டை உதட்டில் வைத்தேன். டயர் கடைக் கடிகாரத்தில் எட்டு ஐந்து. பற்றவைக்காமலே நடந்தேன்.