வியாழக்கிழமை வரச்சொன்ன போன்

நிரோஜினிக்கு நாரி பிடித்துக்கொண்டது வயிற்றுப் பிள்ளைக்கு ஆறாம் மாதத்தில். சல்லிக் கடற்கரையில் கருவாட்டுக்கு மீன் பரப்பக் குனிந்தவளால் அடிமுதுகை நிமிர்த்த முடியவில்லை. ஒரு கிழமையில் நோவு இடதுகாலுக்குள் இறங்கிப் பாதம் விறைத்துப்போனது.

கிளினிக்கில் டொக்டர் அவளையும் புருசன் சிந்துஜனையும் இருத்தி விளங்கப்படுத்தினார்.

"முள்ளந்தண்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவேணும். இது எக்ஸ்ரே இல்லை, காந்தம். கதிர் இல்லை. மருந்தூசியும் போடமாட்டம். பிள்ளைக்கு இதால கெடுதி வந்ததாத் தெரியேல்லை. ஆனா நரம்பு நெரிபட்டா நாள் கடத்த ஏலாது. திகதி கிடைச்சதும் போன் எடுப்பினம்."

வீட்டில் இருந்த ஒரே போன் சிந்துஜனுடையது.

துறைமுகத்தில் அவனுக்கு வெல்டிங் வேலை. குழாய் ஒட்டுகளைக் கதிர் பாய்ச்சிப் படம் பிடிக்கும் நாட்களில் மஞ்சள் நாடா கட்டி, விசில் ஊதி எல்லாரையும் கலைப்பார்கள். "பிள்ளைகுட்டி வேணுமெண்டா ஓடுங்கோடா. பிறகு மனிசிமார் என்னட்டச் சண்டைக்கு வரக்கூடாது" என்பார் மேற்பார்வையாளர் றுவைஸ். ஆறு வருடமாக ஓடியவன் சிந்துஜன். உள்ளே பார்க்கிற படமென்றால் அவனுக்கு அந்தப் படம்தான். டொக்டரின் காந்தக் கதை காதில் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கிலிருந்து தாதி அப்ரா போன் எடுத்தாள்.

"வியாழக்கிழமை காலமை ஏழு மணிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"நாங்கள் வரேல்லை, மிஸ்."

"அவவிட்டக் கேட்டனீங்களா?"

"ஓம், கேட்டனான்."

கேட்கவில்லை. பின்னேரம் வீட்டுக்குப் போய், "படம் தேவையில்லை எண்டிட்டாராம் டொக்டர். படுத்திருந்தா மாறுமாம்" என்றான்.

"அப்ப நல்லது. காந்தத்தில உங்கட இரும்பு மண்டை ஒட்டிக்கொண்டிடும் எண்டு பயந்தனான்" என்று அவள் சிரித்தாள்.

பன்னிரண்டாம் நாள் அவளுக்கு மூத்திரம் போகவில்லை. இரண்டு காலையும் தூக்க முடியவில்லை. தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஏற்றிப்போனார்கள். அங்கே அதே காந்தத்துக்குள் விட்டுப் பார்த்து, அன்றைக்கே முதுகை வெட்டினார்கள். வெளியே வந்த அந்த ஆஸ்பத்திரி டொக்டர், "பிந்திப்போச்சு" என்றார்.

மகள் குறையில்லாமல் பிறந்தாள். அந்தப் படம் அவளை ஒன்றும் செய்யவில்லை. நிரோஜினி நடக்கவில்லை. கட்டிலில் தொங்கும் மூத்திரப் பையைச் சிந்துஜன்தான் ஊற்றுகிறான்.

நேற்று பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி அவள் சொன்னாள்:

"கிளினிக் டொக்டர் அப்பவே படம் எடுத்திருந்தா நான் நடந்திருப்பன். அந்தாளை நான் மன்னிக்கவே மாட்டன்."

அவன் பையைக் கழற்றிக்கொண்டு பின்வளவுக்குப் போனான். டொக்டர் கூப்பிட்டார், மறித்தது தான்தான் என்ற உண்மையை அவளுக்குச் சொல்லவேண்டிய கடன் அவனிடம் இன்னும் கிடக்கிறது.