மூன்றில் ஒரு பங்கு

எங்கள் கல்லூரியில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு பாதி நாடகம். பார்வையாளர்களில் யார் என்ன கேட்பது என்று முதல் நாளே பேசி வைத்துவிடுவோம். மதியச் சாப்பாடு மாணவர் வீட்டுப் பொறுப்பு.

அன்று உம்மே ஹானியின் முறை. நான் கலையரசன், ஆறு வருடத்துக்கு முன் அவளுடைய வழிகாட்டி திரௌபதி மேடத்திடமே பட்டம் வாங்கியவன். பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் கணிக்க, என் ஆய்வுக் கட்டுரைக்காக நான் எழுதிய கணினி நிரலைத்தான் மேடம் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். சீனியர் எழுதியதில் கை வைக்கக் கூடாது என்பது துறையின் வேதவாக்கு. ஹானி கை வைத்திருந்தாள்.

வெளியூர்த் தேர்வாளர் உதட்டைப் பிதுக்கினார். "கலையரசன் கட்டுரையில இருக்கிற எண்ணும் உங்க எண்ணும் ஒத்துப்போகல. எங்கியோ தப்பு பண்ணியிருக்கீங்க. திருத்தி எழுதிட்டு வாங்கம்மா."

திருத்துவதென்றால் ஒரு வருடம். இந்த மாதத்துக்குள் பட்டத்தைக் காட்டாவிட்டால் அவளுடைய விரிவுரையாளர் வேலை போய்விடும்.

"நியூட்ரினோத் துகள் ஒளி மாதிரி வேகமா ஓடுறப்போ, அதோட அழுத்தம் ஆற்றல் அடர்த்தியில மூணுல ஒரு பங்கு சார். பிரபஞ்சம் விரிய விரிய வேகம் கொறஞ்சு சாதாரணப் பருப்பொருள் மாதிரி ஆயிடும். அப்புறம் அழுத்தம் கிட்டத்தட்ட சுழிதான். அப்படித்தான் போட்டிருக்கேன்."

"அப்போ அவரு எப்படிப் போட்டாரு?"

"தெரியல சார்."

வடிகட்டிய பொய். நிரலை வரி வரியாகப் பிரித்தவள் அவள். எனக்கு அப்போதுதான் உறைத்தது: என் நிரலில் அழுத்தத்தை முதலிலிருந்து கடைசிவரை மூன்றில் ஒரு பங்கு என்றே விட்டுவிட்டேன். என் பட்டம், வேலை எல்லாம் அந்தக் கட்டுரையின் மேல் நிற்கின்றன. மேடம் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று. எனக்கும் வேண்டாம் என்றுதான் இருந்தது.

எழுந்தேன். "தப்பு அவங்களுது இல்ல சார். அந்தக் கட்டுரையிலதான். வேகம் கொறஞ்ச பிறகும் அழுத்தத்தை நான் மாத்தல."

"நீங்க?"

"கலையரசன்."

தேர்வாளர் கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டிவிட்டு, ஹானியின் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை.

அதுவரை வெளியே பிரியாணி இறக்கப் போயிருந்த ஹானியின் அப்பா நூருல்லா வியர்வையோடு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பொண்ணு வீட்ல உங்களப் பத்தித்தான் பேசும் தம்பி. கணக்குல ஒரு தப்பு இருக்காது, அண்ணன் எழுதுனா எழுதுனதுதான்னு சொல்லும்."