ஒரு சிட்டிகை கறுப்புப் பொடி

1

இந்தக் கதை ஒரு பொய்யின் வரைவாகத்தான் தொடங்கியது. பொய் ஒன்று வேண்டும் என்று கேட்டவள் என் அண்ணி. எழுதுகிற தாள்கூட அவளுடையதுதான். கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கான பொது வேதியியல் பாடப்புத்தகத்துக்குப் பிழை பார்த்த தாள்கள். முன்பக்கம் சமன்பாடுகள், பின்பக்கம் என் கைவரிசை.

மேசைமேல் அண்ணியின் போன் ஸ்பீக்கரில் கிடக்கிறது. மறுமுனையில், வேறு ஊரில், ஒரு கல்லூரி ஆய்வகத்துச் சுவர் போனில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுப்பார் இல்லை. அடித்து ஓய்ந்ததும் அண்ணி மறுபடி அழுத்துகிறாள். அந்த இடைவெளிகளில் நான் எழுதுகிறேன். (இந்த நேரத்தில் எவளாவது கதை எழுதுவாளா என்று கேட்பீர்கள். பதறினால் என் கை சும்மா இருக்காது. சிலர் நகத்தைக் கடிப்பதில்லையா?)

2

பொய்யின் முதல் வரி இப்படி இருக்கலாம்:

"ஹலோ, கல்லூரி முதல்வர் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உடனே ஆய்வகத்தை"

வேண்டாம். முதல்வர் அலுவலகம் கீழ்த்தளத்தில்தான் இருக்கும். ஆள் அனுப்பிக் கேட்டுவிடுவார்கள்.

"சார், உங்கள் வீட்டில் ஒரு"

சீ. இதை எழுதிய கையைக் கழுவ வேண்டும்.

3

விஷயத்தைச் சொல்லாமல் ஓடுகிறேன், மன்னியுங்கள்.

அண்ணி பாடப்புத்தகங்களைப் புதுப்பிக்கிறவள். மாணவர்கள் பழைய பதிப்பை வைத்து ஒப்பேற்றிவிடக் கூடாது என்று பதிப்பகத்தாருக்குக் கவலை. அதனால் புதுப் பதிப்பில் எண்களை மாற்றச் சொல்வார்கள். வேதியியல் அதேதான், கணக்கில் எண்கள் மட்டும் வேறு. அட்டையில் ஒரு பேராசிரியரின் பேர் இருக்கும். அவர் அந்தப் புத்தகத்தைக் கடைசியாக எப்போது படித்தார் என்று அவருக்கே நினைவிருக்காது. இந்தப் பதிப்பில்தான் முதல்முறையாக, அவர் பேருக்குக் கீழே, அண்ணியின் பேரும் வந்திருக்கிறது.

கல்லூரிகளுக்குப் போன வாரமே போய்விட்ட புத்தகம், உழைத்தவளுக்கு இன்று காலைதான் வந்தது. அண்ணி அட்டையைத் தடவிப் பார்த்தாள். என்னிடம் காட்டினாள். சிரித்துக்கொண்டே புரட்டினாள். ஒரு பக்கத்தில் கை நின்றது.

"ஐயோ" என்றாள், மெதுவாக.

அது செய்முறைப் பகுதி. குடுவையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலை ஊற்றி, ஒரு சிட்டிகை கறுப்புப் பொடியைப் போட்டு, உடனே கார்க்கால் மூடி, குழாய் வழியாக வருகிற ஆக்சிஜனைப் பிடிக்க வேண்டும். பழைய பதிப்பில் கரைசல் மூன்று சதவீதம். புதியதில் முப்பது.

"கீழ வர்ற கணக்குக்காக மாத்தினேன்" என்றாள். "போட்டுப் பார்த்தேன், விடை பின்னமில்லாம வந்துச்சு. கணக்கைத்தான் பார்த்தேன். குடுவையைப் பார்க்கல."

"முப்பதா இருந்தா என்ன ஆகும்?"

"பொங்கும். கார்க் தெறிக்கும், குடுவை வெடிக்கும். குனிஞ்சு பார்த்துட்டு நிப்பாங்க எல்லாரும். பாட்டில் வர்றதே முப்பதாத்தான் வரும். லேப்ல தண்ணி சேர்த்து மூணாக்குவாங்க. புத்தகமே முப்பதுன்னு சொன்னா எதுக்குச் சேர்க்கப் போறாங்க?"

அட்டையில் பேர் உள்ள அந்தப் பேராசிரியரின் வகுப்பில் இன்று நடக்கப்போகும் முதல் செய்முறையே இதுதான். அவர் போன் அணைந்திருக்கிறது.*

* ஆய்வகத்துக்குள் செல்போன் கூடாது. புத்தகத்தின் முதல் பாதுகாப்பு விதி அது. எழுதியவள் அண்ணி. கல்லூரி அலுவலக எண்ணிலோ, எங்கள் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு பதிவுக் குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

4

"எடுத்தா நீ பேசு" என்றாள் அண்ணி. "என் குரல் அவருக்குத் தெரியும்."

"என்னன்னு பேச?"

"எதையாவது சொல்லி வகுப்பை நிறுத்து. புத்தகத்தைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே. கதை விடறது உன் தொழில்தானே?"

"சரி, இங்க நிறுத்திடலாம். மத்த கல்லூரிங்க?"

"பின்னாடி ஒரு திருத்தச் சீட்டு ஒட்டச் சொல்றேன்."

"பின்னாடின்னா?"

"சொல்றேன்னு சொன்னேன்ல!" கத்திவிட்டு, உடனே குரலை இறக்கினாள். "எத்தனை புத்தகம் பேரில்லாம செஞ்சேன், உனக்குத் தெரியாதா? இப்பதான் போட்டிருக்காங்க. முதல் தடவையே இப்படியா?"

எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. அண்ணியைக் கொஞ்சம் கெட்டவளாக்கினால் கதை சுலபமாகிவிடும். எழுதிப் பார்த்தேன்: அண்ணி அலட்சியமாக [அடித்துவிட்டேன். அலட்சியக்காரி இப்படி விடாமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க மாட்டாள்]. நல்லவளாக்கியும் பார்த்தேன்: உண்மையைச் சொல்லத் துடித்தாள் [அதுவும் இல்லை. நான்தான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேனே].

5

முடிவு ஒன்று. என் பொய் பலிக்கிறது. வகுப்பு கலைகிறது. நாங்கள் இருவரும் டீ குடிக்கிறோம். வேறொரு கல்லூரியில் ஒரு பெண் குடுவைமேல் குனிகிறாள்.

முடிவு இரண்டு. உண்மையைச் சொல்கிறேன். புத்தகங்கள் எல்லாம் திரும்பி வருகின்றன. அண்ணி இனி என்னிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டாள்.

முடிவு மூன்று. யாருமே எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே

(எட்டிப் பார்த்த அண்ணி, பேனாவைப் பிடுங்கி மூன்றாவதை அவளே அடித்தாள். தாள் கிழிந்துவிட்டது.)

6

எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ, கெமிஸ்ட்ரி லேப்." ஒரு பெண் குரல். பின்னால் கண்ணாடிச் சாமான்களின் சத்தம், யாரோ சிரிக்கிறார்கள்.

"சார் இருக்காராம்மா?"

"கடைசி மேசையில இருக்காரு. நான் ஸ்டூடன்ட். நீங்க யாரு? அப்புறம் பண்றீங்களா, பொடியை எடுத்து வச்சுட்டேன், போடணும்."

எழுதி வைத்த பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. உண்மையும் வரவில்லை.

"போடாதே!" என்று கத்தினேன். "யாரையும் போட விடாதே! எல்லாரும் குடுவையை விட்டுத் தள்ளி நில்லுங்க! சத்தமா சொல்லும்மா!"

அவள் ஏன் என்று கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னாள். புண்ணியவதி. அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது, ஸ்டூல்கள் இழுபட்டன. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கனமான ஒரு குரல்.

"யார் பேசறது? என் வகுப்பை நிறுத்தச் சொன்னது யாரு?"

"சார், அந்தக் கரைசல்..."

"கரைசலுக்கு என்ன? புத்தகத்துல இருக்கறபடிதான் எடுத்திருக்கு. அது நான் எழுதின புத்தகம்மா."

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அணைக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"சார், நான்தான்" என்றாள்.

"அட, நீயாம்மா? என்ன விஷயம்?"

"அந்த எண் தப்பு சார். மூணுதான் சரி. முப்பது இல்ல. எந்தக் கல்லூரியிலயும் அதைச் செய்யக் கூடாது."

அங்கே பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"கடவுளே" என்றார். அப்புறம், "யாரும்மா இதை மாத்தினது?"

7

இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றுக்கும் முப்பதுக்கும் நடுவே ஒரு சைபர்தான். அச்சுக்குப் பக்கம் அமைத்தவரின் கை தவறிவிட்டது என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவர் வேலை போகும், அண்ணியின் பேர் நிற்கும். காலையிலிருந்து முட்டி மோதியும் இவ்வளவு நல்ல பொய் எனக்குத் தோன்றவில்லை. அண்ணிக்குத் தோன்றிவிட்டது. அவள் முகத்திலேயே பார்த்தேன். நான் பார்த்துவிட்டேன் என்பதை அவளும் பார்த்தாள்.

அவள் சொன்னது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அவள் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து முடித்து வையுங்கள், ஒரு சொல் போதும்:

"சார், அதை மாத்தினது