புது போன் வரும்வரை தெரியாத கைகள்

1

18 செப்டம்பர், வியாழன்.

நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை. மோகனப்ரியாவின் கைகளை அவள் அண்ணன் பார்த்து நாற்பது நாள் ஆயிற்று என்று எழுதியிருந்தேன். நாற்பத்தொன்று. ஆகஸ்டுக்கு முப்பது நாள் என்று எண்ணிவிட்டேன். கோடு போட்டுத் திருத்தி, பக்கத்தில் 'சு.' என்று கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன். இன்றைக்கு நாற்பத்திரண்டு.

எங்கள் கம்பெனியில் அதுதான் பழக்கம். ஆய்வுத் தாளில் தவறாக எழுதிவிட்டால் கிறுக்கி மறைக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு. என்ன தப்பு செய்தோம் என்பது அடுத்தவர் படிக்கும்படி இருக்க வேண்டும். இந்தக் கதையையும் அப்படியே எழுதப் பார்க்கிறேன். சதுர அடைப்புக்குள் வருபவை நான் கோடு போட்ட வரிகள். நீங்கள் படிக்கலாம்.

கதை பிறந்தது ஓர் அட்டவணையில். வேலை முடிந்து நானும் மோகனாவும் சேர்ந்து படிக்கப் போகும் மாலை வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்காக நான் வரைந்தது. இடப்பக்கம் 'இப்போதே வாங்கு', வலப்பக்கம் 'புது போன் வரும்வரை காத்திரு'. வலப்பக்கத்தில் ஏழு வரி, இடப்பக்கத்தில் இரண்டு. அவள் எண்ணிப் பார்த்து, "நீ சொன்னா சரிதான் சுசி, காத்திருக்கேன்" என்றாள்.

அந்த அட்டவணை இதே நோட்டில்தான் இருக்கிறது. அதில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. எந்த வரி என்பதை உடனே எழுதக் கை வரவில்லை. முதலில் தொடக்கம் ஒன்று வேண்டும்.

2

[ஓசூரில் மாலை ஆறு மணிக்கு மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.]

செப்டம்பரில் ஏது மூடுபனி? தூறல்தான். கோடு.

[மோகனப்ரியா ஒரு கனவு கண்டாள். கனவில் அவள் கைகள் இரண்டும் மேகத்துக்குள்]

அவள் கண்ட கனவு எனக்கு எப்படித் தெரியும்? கண்டது நான். கோடு.

சரி, தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். நான் சுசித்ரா, மத்திகிரிக்காரி. பைக் ஹெட்லைட்டின் முன்மூடி செய்யும் கம்பெனியில் ஆய்வு மேசையில் இருக்கிறேன். நாள் முழுதும் என் முன்னால் ஒளி ஊடுருவும் மூடிகள் நகர்ந்து வரும். இரண்டு மணி நேரம் பார்த்தால் அவை மூடிகளாகத் தெரியாது. பகலில் உதித்துவிட்ட நிலாக்கள் வரிசையாக நடந்துபோவதுபோல் இருக்கும். கீறல் இருக்கிற நிலாவை எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போடுவது என் வேலை.

மோகனப்ரியா பக்கத்து லைன். ஊர் துறையூர். மூக்கண்டப்பள்ளியில் பெண்கள் விடுதியில் இருக்கிறாள். அவள் அண்ணன் பூபதி துறையூரில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறார். பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூடம் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்டதால் எழுதிக் காட்டினாலும் படிக்க வராது. அண்ணனும் தங்கையும் சின்ன வயதில் தாங்களே உண்டாக்கிக்கொண்ட சைகைகள்தான் அவர்களுடைய பாஷை. வகுப்பு விட்டதும் படிக்கட்டின் கீழ் நின்று அவள் வீடியோ காலில் பேசுவாள். வாய் மூடியிருக்கும். கைகள் இரண்டும் கிளையில் உட்கார இடம் தேடுகிற குருவிகள் மாதிரி நிற்காமல் அலையும். நான் எதிர்ச்சுவரில் சாய்ந்து நிற்பேன். எனக்கும் அந்தப் பாஷையில் ஒரு பெயர் உண்டு. ஒரு கண்ணை மூடி, விரல் வளையம் வழியாக உற்றுப் பார்ப்பது.

"அண்ணனுக்கு உன் பேரு அதான். அவன் அதைச் செய்யறப்ப உன்ன மாதிரியே மூஞ்ச உர்ருன்னு வச்சிக்குவான்."

கம்பெனி கேட்டில் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் போன் கேமராவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், முன்னும் பின்னும். வெளியே வரும்போது உரித்து, கேட்டுத் தூணில் ஒட்டிவிட்டு வருவோம். தூண் முழுக்க அம்மை போட்டமாதிரி இருக்கும்.* ஒட்டி ஒட்டி உரித்ததில் பசை தங்கி மோகனாவின் கேமரா மங்கிப்போனது. ஆகஸ்ட் ஏழிலிருந்து அவள் அண்ணனுக்கு அவள் கைகள் தெரியவில்லை.

* என்னுடையது பட்டன் போன், கேமரா இல்லை. ஸ்டிக்கர் வரிசையில் நான் நிற்பதில்லை. ஸ்மார்ட்போனே இல்லாதவள்தான் அந்த அட்டவணையைப் போட்டேன்.

3

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் முனிவேலின் போன் கடை. வாசலில் புது போனின் படம். அதன் கீழே 'விரைவில்' என்று ஒரு தேதி. தேதி மாறும்போதெல்லாம் முனிவேல் அதன்மேல் புதுத் தாளை ஒட்டுவார். விளக்கு பின்னாலிருந்து அடிக்கும்போது பழைய தேதிகள் மூன்றும் நிழலாகத் தெரியும்.

"இன்னும் இறங்கலைம்மா. ஆயுத பூஜைக்கு வந்துரும்."

"விநாயகர் சதுர்த்திக்குன்னு சொன்னீங்க."

"பிள்ளையாரு லேட் பண்ணிட்டாரு. சரஸ்வதி படிச்சவங்க, டைமுக்கு வருவாங்க." சொல்லிக்கொண்டே பின்னால் நின்ற ஒருவரிடம் திரும்பி, "நாளெ பன்னி" என்றார்.

மோகனா என் காதோரம், "ஓசூருக்கு வந்து நான் கத்துக்கிட்ட முதல் கன்னடம் இதான்டி. நாளைக்கு வா" என்றாள். பிறகு அவரிடம், "அண்ணே, வெளிச்சம் கம்மியா இருந்தாலும் கை ஆட்டினா இழுக்காதுல்ல? கோடு கோடா போவாதுல்ல?"

"கொசு பறந்தா ரெக்கை தெரியும்மா. அதுக்குத்தான் காத்திருங்கன்றேன். இந்தப் பழசுக்கு பார்ட்ஸும் வர்றதில்லை. எங்க, அந்தப் பழைய போனைக் குடு. எக்ஸ்சேஞ்சுக்கு ஆவுமான்னு பாக்கறேன்."

அவர் கை நீட்டினார். நான் மோகனாவின் தோளைப் பிடித்து இழுத்தேன். "மழை வருதுடி. அப்புறம் பாத்துக்கலாம்." வெளியே வந்து நடந்தோம்.*

* மழை வரவில்லை. — சு.

4

போன ஞாயிற்றுக்கிழமை மாலை படிக்கட்டின் கீழ் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மோகனா பின் கேமராவை வைத்து முயன்று பார்த்தாள். அதன் பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டு எடுத்துவிட்டோம், தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் கையை அண்ணன் பார்க்கும்படி போனைத் திருப்பினால், அண்ணனை அவளால் பார்க்க முடியாது. ஒரு கையில் போன், மறுகையில் பாதிச் சொல். சொல்லிவிட்டுத் திருப்புவதற்குள் பதில் முடிந்துபோயிருக்கும். நாலு தடவை திருப்பினாள். பிறகு சலித்துப்போய் முன் கேமராவுக்கே வந்தாள். திரையின் மூலையில் ஒரு சின்ன மேகம். அந்த மேகம்தான் அவள்.

பூபதி அண்ணன் சற்று நேரம் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டிலிருக்கும் தையல் மெஷினின் விளக்கை வளைத்துத் தன் முகத்தில் அடித்துக்கொண்டார். கண் கூசியது, ஆனாலும் விலக்கவில்லை. விளக்கைக் காட்டினார், மேகத்தைக் காட்டினார். மறுபடி விளக்கை.

அவர் தோளுக்குப் பின்னால் அம்மா ராசாத்தி வந்து நின்றார். "ஏ மோகனா, அங்க கரண்டே இல்லியான்னு கேக்கறான்டி. ஒரு பல்பு வாங்கி அனுப்பட்டுமாங்கறான்."

"கரண்டு இருக்கும்மா. போனுதான். புதுசு வரட்டும்னு இருக்கேன்."

"அது என்னிக்கு வருமாம்?"

"நாளெ பன்னி" என்றாள் மோகனா. அவளே சிரித்தாள். அம்மாவுக்குப் புரியவில்லை. பூபதி அண்ணன் சிரிப்பதற்காக மோகனா காத்திருந்தாள். அவருக்கு அவள் சிரித்ததே தெரியவில்லை.

முன்பு இருபது நிமிஷம் பேசுவார்கள். அன்று நான்கு. இந்த வாரம் அண்ணன் ஒருமுறைகூடத் தானாகக் கூப்பிடவில்லை.

விடுதித் தோழி ஒருத்தியின் போனில் பேசலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒருநாள் பேசினாள். சுற்றி நின்ற நான்கு பேர் ஒவ்வொரு சைகைக்கும் அர்த்தம் கேட்டார்கள். "வேடிக்கை காட்டவா எங்க அண்ணன்ட்ட பேசறேன்?" என்று அதோடு விட்டுவிட்டாள்.

5

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமான பாத்திரம் சுசித்ரா. மேலே நாலு பகுதியிலும் நல்லவளாகவே வருகிறாள். சுவரில் சாய்ந்து நிற்கிறாள், அட்டவணை போடுகிறாள், தோழிக்காகக் கடை வரை நடக்கிறாள். இவ்வளவு நல்ல மூடி என் மேசைக்கு வந்தால் நான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன்.

[ஒட்டி ஒட்டி உரித்ததில் பசை தங்கி மோகனாவின் கேமரா மங்கிப்போனது.]

கோடு. சு. 18.9.

பசை தங்கியது உண்மை. ஆனால் பசையால் கொஞ்சம் மங்கல்தான், அண்ணன் அவள் கைகளைச் சமாளித்துப் படித்துக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் ஏழாம் தேதி ஷிஃப்ட் விட்டு ஸ்டிக்கரை உரித்தபின், கேட்டுக்கு வெளியே உள்ள லாக்கர் அறையில் மோகனா போனை என்னிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் பளிச்சென்று ஆக்கிவைப்போம் என்று நினைத்தேன். என் பையில் லைன் துணி இருந்தது. மூடியைப் பொருத்திப் பிடிக்கும் ஜிக்கைத் துடைக்கிற துணி. பெயிண்டைக் கரைக்கிற தின்னரின் ஈரம் அதில் இருந்தது. முன் கேமராமேல் இரண்டே தடவை தேய்த்தேன். பசை போய்விட்டது. ஈரத்தில் அது அவ்வளவு அழகாக மின்னியது.

தின்னர் பிளாஸ்டிக்கில் பட்டால் ஈரமாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. காய்ந்த பிறகு பால் பூத்ததுபோல் ஒரு படலம் வரும். துடைத்தால் போகாது, அது பிளாஸ்டிக்கின் உள்ளேயே இருக்கிறது. நான் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. இந்தக் குறைக்காக ஒரு ஷிஃப்டில் ஆறேழு மூடிகளைச் சிவப்புப் பெட்டியில் போடுகிறவள் நான். அவளுடைய பழைய போனில் கேமரா மேல் இருந்தது கண்ணாடி என்று நினைத்துவிட்டேன். விரலால் தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தட்டவில்லை.

காய்ந்தபோது மோகனா அண்ணனுடன் பேசத் தொடங்கியிருந்தாள். "என்னடி இது, பனி மாதிரி இருக்கு" என்றாள். "ஸ்டிக்கர் பசைதான்" என்று நான் சொன்னேன்.

விடுபட்ட வரி இதுதான். முனிவேல் அந்த போனைக் கையில் வாங்கினால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்: தின்னர் போட்டுத் துடைச்சிருக்காங்க. அவள் போன் மாற்றும் நாள் தள்ளிப்போகத் தள்ளிப்போக அந்த நொடியும் தள்ளிப்போகும். அதனால்தான் வலப்பக்கத்தில் ஏழு வரி.

எழுதிவிட்டேன். மோகனாவிடம் இன்னும் சொல்லவில்லை.

6

முடிவுகள்.

(அ) ஆயுத பூஜைக்குப் புது போன் வருகிறது. பூபதி அண்ணன் தங்கையின் பத்து விரலையும் பார்க்கிறார். எல்லாரும் அழுகிறோம். நான் எதுவும் சொல்லவில்லை. [அழகாக இருக்கிறது.] கோடு. காயாத ஈரம்.

(ஆ) தேதியின்மேல் நான்காவது தாள் ஒட்டப்படுகிறது. மோகனா காத்திருக்கிறாள், நான் அட்டவணையில் எட்டாவது வரி எழுதுகிறேன். அண்ணன் கூப்பிடுவதை விட்டுவிடுகிறார். இதை எழுத வேண்டியதே இல்லை, தானாக நடந்துகொண்டிருக்கிறது.

(இ) நேற்று மதியம் கனவுபோல் வந்தது. ஆய்வு மேசையில் எனக்கு எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்தியிருக்கிறது. மூடியின் முன்புறத்தை நேராகவும் பின்புறத்தைக் கண்ணாடியிலும் ஒரே நேரத்தில் பார்ப்பதற்காக. நிலாக்கள் இரண்டு வரிசையாக நடந்துகொண்டிருந்தன, ஒன்று என்னை நோக்கி, ஒன்று என்னைவிட்டு. நடுவில் மோகனாவின் கைகள் தெரிந்தன.

மோகனா கண்ணாடிக்கு எதிரே நிற்கட்டும். நடுவில் நான் போனைப் பிடித்துக்கொள்கிறேன். திரை அவள் பக்கம், பின் கேமரா கண்ணாடியின் பக்கம். திரையில் அவள் அண்ணனைப் பார்ப்பாள். கண்ணாடி வழியாக அண்ணன் அவளைப் பார்ப்பார். இடது வலது மாறும், அவ்வளவுதான். இரண்டு கையும் அவளுக்கு. எந்தப் புது போனும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். நாற்பத்திரண்டு நாளும் நான் அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் போனைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு நடுவே நிற்கப்போகிறவள் யார் என்று மோகனாவுக்குத் தெரிய வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்களை அவள் பக்கத்தில் விடுவதில்லை. தெரிந்த பிறகும் போனை என் கையில் கொடுப்பாளா? நான் சொல்லி முடித்ததும் அவள் என் முகத்தைப் பார்த்து

இந்த வரியை முடிக்க நான்கு முறை முயன்றேன். நான்கிலும் அவள் என்னை மன்னித்துவிடுகிறாள். எழுதுகிறவள் நான் என்பதால் வருகிற மன்னிப்பு அது. நீங்கள் அவளை இந்த ஆறு பக்கமாகப் பார்த்திருக்கிறீர்கள், அவளிடம் எந்தக் கடனும் உங்களுக்கு இல்லை. நீங்களே முடியுங்கள். தப்பாக முடித்தால் ஒரே கோடு போதும்.

7

நாளை, வெள்ளி. ஏ ஷிஃப்ட்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் விட்டதும் ஸ்டிக்கர் தூணுக்குப் பக்கத்தில் மோகனாவுக்காக நிற்க வேண்டும். அவள் ஸ்டிக்கரை உரிப்பதற்கு முன் தின்னர் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு பஸ் ஸ்டாண்டில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்க வேண்டும், அடிக்கு ஒன்றரை அடி.

இந்த வரிசையில்.